டான்சில் ஆபரேஷனுக்கு முழு மயக்கம்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஏழு வயது மகனுக்கு இரண்டு பக்க டான்சிலையும் எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம் என்கிறார் டாக்டர். மாமனாரோ, "எனக்கு நாற்காலியில உட்கார வெச்சு, தொண்டையில ஊசி போட்டு எடுத்தாங்க. நடந்தே வீட்டுக்கு வந்தேன். சின்னப் பிள்ளைக்கு எதுக்கு மயக்க மருந்து?" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, சிசேரியனுக்குப் போடுகிற மாதிரி முதுகில் ஒரு ஊசி போதாதா என்கிறார். மயக்க மருந்து குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு உங்கள் கணவர் தூங்காமல் இருக்கிறார். பையனுக்கு இரவில் பலத்த குறட்டை, முன்பல் ஒன்று ஆடுகிறது என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மயக்க மருந்து கொடுப்பதே வேலையாக இருக்கும் எனக்கு, மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்கு வருகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகனுக்கு முழு மயக்கம்தான் சரி. பெரியவர்களுக்கு வேறு வழி உண்டு, ஏழு வயதுக்குக் கிடையாது. ஆனால் முழு மயக்கம் என்ற ஒரே பெயருக்குள் முடிவெடுக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. மயக்க மருந்து டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும், அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

முதுகு ஊசியை உடனே தள்ளிவிடலாம். அது தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகளை மரக்கச் செய்வது. இடுப்புக்குக் கீழே அருமையாக வேலை செய்யும். டான்சிலின் வலியைச் சுமப்பதோ மூளையிலிருந்து நேராக இறங்கும் ஒன்பதாவது நரம்பும், அண்ணத்துக்கு வருகிற சில சிறு கிளைகளும். முதுகில் போட்ட மருந்து அவ்வளவு உயரம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அதற்கு வெகு முன்பே மூச்சு விடும் தசைகள் நின்றுபோயிருக்கும்.

இந்த ஒன்பதாவது நரம்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கிளை ஒன்று நடுக்காதுக்கும் போகிறது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பையன் "காது வலிக்குதும்மா" என்று அழுவான். காதில் ஒன்றும் இருக்காது. தொண்டைப் புண்ணின் வலி அந்த ஒரே நரம்பின் வழியாகப் போவதால் மூளை அதைக் காது என்று கணக்குப் போடுகிறது. காதில் எண்ணெயோ சொட்டு மருந்தோ ஊற்ற வேண்டாம். வலி மருந்தை வேளை தவறாமல் கொடுத்தால் போதும்.

மாமனார் சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் எடுத்தார்கள். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கையில் கிட்னி ட்ரே என்ற வளைந்த தட்டு. எதிரே நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டிய டாக்டர். தொண்டையில் முதலில் மரப்பு மருந்தை ஸ்ப்ரே அடித்து, பிறகு லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தில் மிகக் கொஞ்சம் அட்ரினலின் கலந்து டான்சிலைச் சுற்றி நாலைந்து இடத்தில் ஊசி போடுவார்கள். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தப்போக்கு குறையும், மரப்பு கூடுதல் நேரம் நிற்கும். அது உடம்பில் ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கும், பயந்தவருக்கு இன்னும் அதிகமாக. வாயில் ஊறும் ரத்தத்தை நோயாளியே ட்ரேயில் துப்பிக்கொள்வார். ஒத்துழைக்கிற, குமட்டல் அதிகம் வராத பெரியவருக்கு இது இன்றும் செல்லுபடியாகும் முறைதான். செலவு குறைவு, ரத்தம் குறைவு, மயக்கம் தெளியக் காத்திருக்கும் வேலை இல்லை.

இதில் சிக்கலும் உண்டு. டான்சிலுக்குப் பின்னால், பக்கவாட்டில், பெரியவர்களிலேயே ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் மூளைக்குப் போகும் பெரிய தமனி ஓடுகிறது. குழந்தைக்கு அந்த இடைவெளி இன்னும் குறைவு. ஊசி ஆழமாகப் போய்விட்டால் மருந்து நேரே அதற்குள் இறங்கலாம், வலிப்பு வரலாம். மருந்து சற்றுத் தள்ளிப் பரவினால் பக்கத்தில் இருக்கும் பத்தாவது நரம்பும் மரத்துப்போகும். அது இரண்டு பக்கமும் நடந்தால் விழுங்கவும் முடியாது, குரல்வளைக்குள் ரத்தம் இறங்கினால் இருமவும் முடியாது. அளவுக்கும் எல்லை இருக்கிறது. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் உச்சம். 22 கிலோ எடையுள்ள பையனுக்கு 2 சதவீத மருந்தில் அது ஏழரை மில்லியில் முடிந்துவிடும்.

இதெல்லாம் ஏட்டுக் காரணம். ஏழு வயதுப் பிள்ளை தொண்டைக்குள் ஊசி வரும்போது வாயைத் திறந்துகொண்டு உட்கார மாட்டான் என்பதுதான் நிஜக் காரணம். பெரியவர்களே முதல் பக்கம் முடிந்ததும், "ஒண்ணு எடுத்தது போதும் டாக்டர், இன்னொண்ணு இருக்கட்டும்" என்று எழப் பார்த்த கதைகள் எங்கள் துறையில் ஏராளம். பிள்ளையை நாலு பேர் பிடித்துக்கொண்டு செய்யலாம்தான். ஒரு காலத்தில் செய்தும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஐம்பது வயதிலும் ஆஸ்பத்திரி வாசனை வந்தால் முகம் வெளிறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நடுவழியாக, "லேசா தூங்க வெச்சு, மரப்பு ஊசியும் போட்டுடலாமே" என்று சிலர் கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் அதிகப் பயம் இதுதான். பல்லிலோ விரலிலோ வேலை நடக்கும்போது லேசான தூக்கம் போதும். அங்கே மூச்சுக்குழாய் வேறு, வேலை நடக்கும் இடம் வேறு. டான்சிலில் இரண்டும் ஒரே இடம். அறுவை மருத்துவர் வேலை செய்யும் குழிக்கு நேர் கீழே குரல்வளை திறந்திருக்கிறது. விழித்திருப்பவர் துப்புவார். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் இருக்கும். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. மூச்சுவழி யார் காவலில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு டான்சில் கேஸையும் பார்க்கிறேன். எந்த மருந்து என்பது அதற்கு அடுத்தபடி.

அரைகுறை மயக்கம் எவ்வளவு மோசமானது என்பதை எங்கள் துறை கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் மயக்கம் முதன்முறையாகப் பொதுவில் காட்டப்பட்டது. அடுத்த வருடமே எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். துணியில் சொட்டுவிட்டால் போதும், நொடிகளில் வேலை செய்யும், எங்கும் தூக்கிப் போகலாம். ஆனால் பல் பிடுங்குவது போன்ற அற்ப வேலைகளில், ஆரோக்கியமானவர்கள் திடீரென்று செத்துப்போனார்கள். இதயம் நிற்கிறதா, மூச்சு நிற்கிறதா என்று பெரிய சண்டை. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற பிரிட்டிஷ் டாக்டர், மூச்சைப் பார்த்துக்கொண்டால் போதும், இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொன்னார். நிஜாமின் பணத்தில் 1888இலும் 1889இலும் இரண்டு ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன்கள் நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை செய்து அதையே உறுதி செய்தன. 1911இல் குட்மன் லெவி என்ற ஆய்வாளர் பூனைகளில் காட்டியது வேறு. மயக்கம் ஆழமாக இல்லாமல் மேலோட்டமாக இருக்கும்போது, உடம்பில் அட்ரினலின் ஏறினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுகிறது. பயந்துபோன பிள்ளை, கொஞ்சமே கொஞ்சம் குளோரோஃபார்ம், நடுவில் கத்தி. இதைவிடப் பொருத்தமான பொறி வேண்டுமா? லாரியையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். மூச்சைப் பார் என்று அவர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை இன்றும் நாங்கள் விடவில்லை.

இப்போது உங்கள் மகனின் முழு மயக்கத்துக்கு வருவோம்.

தூங்க வைக்க இரண்டு வழி. கையில் ஊசி, அல்லது முகமூடி வழியாக வாயு. ஊசி வழி என்றால் புரொபோஃபால் என்ற பால் நிற மருந்து. ஏறும்போது கை எரியும் என்பதால் கொஞ்சம் லிக்னோகெயின் சேர்த்துக் கொடுப்போம். பையன் பத்து எண்ணி முடிக்க மாட்டான். நரம்பில் ஊசி குத்துவதே அவனுக்குப் பெரிய பயம் என்றால், ஒரு மணி நேரம் முன்னாலேயே புறங்கையில் மரப்பு க்ரீம் தடவி மேலே ப்ளாஸ்டிக் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்த க்ரீம் அது. பல இடங்களில் கேட்டால்தான் தடவுவார்கள். கேளுங்கள்.

வாயு வழி என்றால் செவோஃப்ளூரேன். முன்பு இருந்த ஹாலோத்தேனைவிட வேகம், இதயத்துக்கும் பாதுகாப்பு. சின்னப் பிள்ளைகளிடம் நான் அதை மருந்து என்றே சொல்வதில்லை. இயந்திரத்தில் ஒரு ரப்பர் பை தொங்கும். "இந்த பலூனை எவ்வளவு பெரிசா ஊதுறேன்னு பாக்கலாமா?" என்பேன். முகமூடியின் உள்விளிம்பில் ஸ்ட்ராபெர்ரி எசன்ஸ் ஒரு சொட்டு. இரண்டு மூச்சு ஜாக்கிரதையாக ஊதுவான், நாலாவது மூச்சில் கண் சொருகும். அடுத்த அரை நிமிடத்தில் கைகால் முறுக்கிக்கொள்ளும், கண்மணி உருளும், மூச்சு கொர்கொர் என்று கேட்கும். பெற்றோரில் ஒருவரை உள்ளே விடும் ஆஸ்பத்திரி என்றால் நீங்கள் பார்க்கப்போவது இதைத்தான். பயப்பட வேண்டாம், அது மயக்கம் கடந்துபோகும் ஒரு படி, அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. அதற்குப் பிறகுதான் கையில் ஊசி ஏற்றுவோம்.

அடுத்தது மூச்சுக்குழாய். இதுதான் காவல். வழக்கமான குழாயாக இல்லாமல், உதட்டருகே வந்ததும் மோவாய்ப் பக்கம் மடங்கும்படி செய்த குழாய் ஒன்று உண்டு. 1970களில் அமெரிக்க மயக்க மருத்துவர்கள் மூவர் வடிவமைத்தது. அவர்கள் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ரே குழாய் என்போம். ஏழு வயதுக்கு உள்விட்டம் 5 அல்லது 5.5 மில்லிமீட்டர். அதை நாக்கின் நடுக்கோட்டில் படுக்க வைப்போம். அதன் மேல் அறுவை மருத்துவர் பாயில் டேவிஸ் கேக் என்ற இரும்புச் சட்டத்தை மாட்டி வாயைத் திறப்பார். அந்தச் சட்டத்தின் நாக்குத் தகட்டில் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். குழாய் அதற்குள் உட்கார வேண்டும். தகடு கொஞ்சம் அழுத்தினாலும் குழாய் நசுங்கும். என் கையிலிருக்கும் பை திடீரென்று கல்லாகும், திரையில் மூச்சைக் காட்டும் அலை தட்டையாகும். "சார், கேக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க." டான்சில் ஆபரேஷன்கள் நடக்கும் ஒரு நாளில் குறைந்தது ஒரு முறையாவது நான் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

குழாய்க்குப் பதிலாக, குரல்வளை மேல் மூடி போல உட்காரும் எல்எம்ஏ என்ற முகமூடியையும் சிலர் வைக்கிறார்கள். 1980களில் ஆர்ச்சி பிரெய்ன் கண்டுபிடித்தது. டான்சிலுக்கென்று வளையும் கம்பிச் சுருள் கொண்ட வகை பின்னர் வந்தது. நன்மை உண்டு: குரல்நாண்களைத் தொடுவதில்லை, தெளியும்போது இருமல் குறைவு. பழகிய கைகளில் அழகாக வேலை செய்யும். ஆனால் கேக் வைக்கும்போது நகர்ந்துவிடலாம். நடுவில் அதை எடுத்துவிட்டுக் குழாய் போட வேண்டி வரலாம். உங்கள் மகனுக்குக் குறட்டை வேறு இருப்பதால் நானாக இருந்தால் குழாய்தான் போடுவேன். வேறொருவர் எல்எம்ஏ வைக்கிறேன் என்றால் சண்டை போட மாட்டேன். எத்தனை கேஸ் செய்திருக்கிறார் என்று மட்டும் கேட்பேன்.

நடுவில் தூக்கத்தை நீட்டிக்க அதே வாயுவோ, சொட்டுச் சொட்டாக புரொபோஃபாலோ. கூடவே வலிக்கு ஃபென்டனில், பாரசிட்டமால். வாந்தி வராமல் இருக்க ஆன்டன்செட்ரான். டெக்ஸாமெதசோன் ஒரே ஒரு டோஸ். இது வாந்தியையும் குறைக்கும், சாப்பிட ஆரம்பிப்பதையும் சீக்கிரமாக்கும். ஸ்டீராய்டு என்று யாராவது பயமுறுத்தினால் ஒரு டோஸுக்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். மயக்கத்தில் இருக்கும்போதே டான்சில் இருந்த குழியில் மரப்பு மருந்து போடுகிறவர்களும் உண்டு. கொஞ்ச நேரம் உதவும். நான் அதில் பெரிய நம்பிக்கை வைத்ததில்லை.

மயக்கம் என்றால் எல்லோரும் தூங்குவதைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஆபரேஷனில் கத்தி மேல் நடப்பது எழுப்பும்போதுதான். குழாயை எடுக்கும் முன் மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே இருக்கும் இடத்தை உறிஞ்சிப் பார்ப்போம். அங்கே ஒரு ரத்தக்கட்டி கண்ணில் படாமல் தங்கும். குழாய் போன பிறகு நழுவிக் குரல்வளையில் விழுந்தால் அவ்வளவுதான். பிரேதப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்கப்படும் என்பதால் இதற்கு ஆங்கிலேயர்கள் பிரேத விசாரணை அதிகாரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தொண்டையில் துணி அடைத்திருந்தால் அதை எடுத்தாயிற்றா என்று வாய்விட்டு எண்ணுவதும் அப்போதுதான். பிறகு பிள்ளையை ஒருக்களித்து, தலை சற்றுத் தாழ்வாகப் படுக்க வைப்போம். ரத்தம் வந்தால் வாய் வழியே வெளியே வழியும், உள்ளே போகாது.

குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளும் ஆபத்தும் இந்த நேரத்தில்தான். ஒரு சொட்டு எச்சிலோ ரத்தமோ பட்டால் போதும். நெஞ்சு உள்ளே இழுக்கும், சத்தமே வராது. ஆக்சிஜனை அழுத்திக் கொடுத்து, தேவைப்பட்டால் மருந்து ஏற்றித் திறப்போம். அநேகமாக நிமிடத்துக்குள் சரியாகிவிடும், ஆனால் அந்த நிமிடம் எனக்கு நீளமானது. இரண்டு வாரத்துக்குள் சளி, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு இது அதிகம். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தாலும் அதிகம். அதனால், "சளி லேசாத்தான் இருக்கு, லீவு போட்டாச்சு, எப்படியாவது முடிச்சிடுங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். மூக்கு ஒழுகலுடன் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்றால் பேசிப் பார்க்கலாம். மஞ்சள் சளி, காய்ச்சல், நெஞ்சில் கரகரப்பு என்றால் தள்ளி வைக்கச் சொல்வதுதான் நல்ல டாக்டர்.

தெளிந்து எழும்போது பையன் உங்களை அடையாளம் தெரியாதவன் போலக் கத்தலாம், ஊசியைப் பிடுங்கலாம். செவோஃப்ளூரேனுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளில் இது சகஜம். வலியா, குழப்பமா என்று பிரிக்க எங்களுக்கே கஷ்டம். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரத்துக்குள் அடங்கி, தூங்கி, நீங்கள் அறிந்த பிள்ளையாக எழுவான்.

இனி குறட்டை. அவன் தூங்கும்போது ஒரு பத்து நிமிடம் போனில் வீடியோ எடுங்கள், சட்டையைக் கழற்றிவிட்டு. குறட்டை நடுவில் நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, சத்தமில்லாமல் போய், பிறகு துள்ளி மூச்சு வாங்குகிறானா? வாயைத் திறந்தே தூங்குகிறானா? நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மறுபடி வந்திருக்கிறதா? இருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மார்ஃபின் வகை மருந்துகள் வழக்கமான அளவிலேயே கூடுதலாக வேலை செய்யும். பதற்றத்துக்காக முன்கூட்டியே கொடுக்கும் மிடசோலம் சிரப்பையும் யோசித்துத்தான் கொடுப்போம். டான்சிலை எடுத்த அன்று இரவே குறட்டை மறைந்துவிடாது. வீக்கத்தால் முதல் ராத்திரி கூடவும் செய்யும். அதனால் விரலில் ஆக்சிஜன் மீட்டர் மாட்டி ஒரு இரவு ஆஸ்பத்திரியில் வைக்கச் சொல்வேன். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அவர்கள் சொன்னால் அந்த வீடியோவைக் காட்டிக் கேளுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் வலி மருந்து. கோடீன் கலந்த எதுவும் வேண்டாம். கல்லீரல் கோடீனை மார்ஃபினாக மாற்றுகிறது. சிலரின் உடம்பு பிறவியிலேயே இதை அதிவேகமாகச் செய்யும். டான்சில் எடுத்த பிள்ளைகள் சிலர் சரியான டோஸிலேயே தூக்கத்தில் மூச்சு நின்று இறந்த பிறகு, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013இல் கடும் எச்சரிக்கை கொடுத்தது. 2017இல் 12 வயதுக்குக் கீழ் கோடீனே கூடாது என்றது. 18 வயதுக்குக் கீழ் டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு ட்ரமடால் என்ற வலி மருந்தும் கூடாது என்றது. டிஸ்சார்ஜ் சீட்டில் ட்ரமடால் எழுதியிருந்தால் திரும்பிப் போய்க் கேளுங்கள். எடைக்கேற்ற பாரசிட்டமாலும், ஐபுபுரொஃபென் ஒத்துக்கொண்டால் அதுவும், அழுத பிறகு கொடுக்காமல் மணி பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

உங்கள் கணவரின் பயத்துக்கு. 2016 டிசம்பரில் எஃப்டிஏ எச்சரித்தது மூன்று வயதுக்குக் கீழே, மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றி. குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், ஒரே ஒருமுறை சிறிது நேரம் கொடுத்த மயக்கத்தால் அறிவுத்திறன் குறைந்ததாகத் தெரியவில்லை. உங்கள் பையனுக்கு ஏழு வயது. ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ராத்திரி முழுக்க மூச்சுத் திணறி ஆக்சிஜன் குறைந்து தூங்குவதுதான் அவன் படிப்புக்கு இதைவிடப் பெரிய கெடுதல்.

பிஏசி என்று ஒரு நாள் வரச் சொல்வார்கள். மயக்கத்துக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்கிற செக்கப். அங்கே இரண்டு விஷயங்களைக் கேட்காமலே சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்தும் மணிக்கணக்கில் மூச்சு வராமல் மெஷினில் வைத்திருந்தார்களா? ஸ்கோலின் என்று நாங்கள் சொல்லும் தசை தளர்த்தும் மருந்து பத்து நிமிடத்துக்குள் கரைய வேண்டும். அதைக் கரைக்கும் என்சைம் சில குடும்பங்களில் பிறவியிலேயே இருக்காது. தென்னிந்தியாவில் ஆரிய வைசியர் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. முன்பே தெரிந்தால் வேறு மருந்து போடுவோம், அவ்வளவுதான். இரண்டாவது, மயக்கத்தின்போது யாருக்காவது காய்ச்சல் கொதித்து உடம்பு விறைத்துப்போனதா? அபூர்வம், ஆனால் தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

பட்டினி விஷயம். சாப்பாடு, பால், பால் கலந்த எதுவானாலும் ஆறு மணி நேரம். தண்ணீர் போன்ற தெளிந்த பானம் இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். நள்ளிரவிலிருந்து தொண்டை காய வைக்கத் தேவையில்லை, நேரத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முறை மேஜை மேல் படுத்திருந்த ஆறு வயதுப் பயலிடம் பேச்சுக்கு, "காலையில என்னடா சாப்பிட்ட?" என்றேன். "ஒண்ணும் இல்ல அங்கிள்" என்றவன், என்னைக் கிட்டே வரச் சொல்லிக் காதில், "பாட்டி பூஸ்ட் குடுத்தாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க" என்றான். ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளினோம். வெளியே பாட்டி என்னோடு பேசவே இல்லை. மயக்கத்தில் அந்தப் பால் மேலே வந்து நுரையீரலில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் விளக்க முயன்று தோற்றேன். உங்கள் வீட்டில் மாமனாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தொண்டைக்குள் வெள்ளையாகப் படலம் தெரியும். சீழ் இல்லை, புண் ஆறும் விதம். கவனிக்க வேண்டியது ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை. அந்தப் படலம் உதிரும்போது ரத்தம் கசியலாம். தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்குகிறானா என்று பாருங்கள். பிள்ளைகள் ரத்தத்தைத் துப்ப மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள், பிறகு கறுப்பாக வாந்தி எடுப்பார்கள். 22 கிலோ பிள்ளையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 1600 மில்லிதான். பளிச்சென்று சிவப்பு ரத்தம் கண்டால் வாயில் எதுவும் கொடுக்காமல், தெருமுனை கிளினிக்கில் நிற்காமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கோ இரவில் ஆபரேஷன் தியேட்டர் இயங்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ நேரே போங்கள். வயிறு நிறைய ரத்தத்தோடு, நாடித்துடிப்பு ஓட, வாய்க்குள் எதுவும் தெரியாத நிலையில் வரும் பிள்ளைக்கு இரண்டாவது தடவை மயக்கம் கொடுப்பது எங்கள் வேலையிலேயே கடினமானவற்றில் ஒன்று. இரண்டு மணி நேரம் முன்னால் வந்தவனுக்கும் பின்னால் வந்தவனுக்கும் வித்தியாசம் மலையளவு.

கடைசியாக, அந்த ஆடும் பல். ஏழு வயதில் எல்லோருக்கும் ஆடும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். கேக்கின் இரும்பு உட்காருவது மேல் முன்பற்கள் மேல்தான். மயக்கத்தில் கழன்று விழும் பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் அது தனி ஆபரேஷன். எந்தப் பல், எவ்வளவு ஆடுகிறது என்று பிஏசியில் விரல் வைத்துக் காட்டுங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் அவன் தூங்கிய பிறகு முதல் வேலையாக நாங்களே எடுத்து, பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு உங்களிடம் கொடுத்துவிடுவோம்.